அரிவாள் நுனியில் செம்பு

சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் வாசகர் கேட்கிறார்: "அடிச்சாம்பலுக்கு வருஷக்கணக்காகப் போர்டோ கலவை அடிக்கிறோம். அத்தனை மயில்துத்தமும் எங்கே போகிறது? கொடியைப் பிடுங்கிவிட்டுக் கத்தரி வைக்கலாமா?"

எங்கேயும் போவதில்லை. மற்ற மருந்துகள் பெரும்பாலும் நாளடைவில் சிதையும். செம்பு சிதையாது, மேல்மண்ணிலேயே தங்கும். 1885இல் மிலார்தே இக்கலவையை அறிவித்த பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் பழைய தோட்டத்து மண்ணெல்லாம் செம்பேறிக் கிடக்கிறது. ஹெக்டேருக்கு 7 ஆண்டில் 28 கிலோவுக்கு மேல் செம்பு கூடாதென்கிறது ஐரோப்பிய ஒன்றியம்.

ஆனால் மண்ணில் இருப்பது வேறு, வேருக்குக் கிடைப்பது வேறு. தேவாரம் ஊரில் எங்கள் வீட்டு நகையெல்லாம் பீரோவில்தான் இருந்தது. சாவி பாட்டியின் இடுப்பில். மண்ணில் சாவி வைத்திருப்பவை மக்கு, களி, பி.ஹெச். மூன்றும். மக்கு செம்பை இறுகப் பிடிக்கும். மணல் கலந்த செவலில் பிடிமானம் குறைவு. பி.ஹெச். ஒரு படி இறங்கினால் மண்நீரில் செப்பு அயனி 100 மடங்கு வரை கூடலாம்.

இந்த வேறுபாட்டை நம் விவசாயிகள் போர்டோ கலக்கும் டிரம்மிலேயே சோதிப்பது எனக்குத் தீராத வியப்பு. 1 கிலோ துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். கலக்கியதும் அரிவாளை முக்குவார்கள். நுனி செம்புநிறம் கண்டால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். கட்டின்றி அலையும் செப்பு அயனி, இரும்பைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் தான் படிகிறது. அது இலையையும் கருக்கும். சுண்ணாம்பு நிறைந்தால் அதே செம்பு நீலக் கூழாகக் கட்டுப்படும். அளவு குறையவில்லை, வேகம் அடங்கியது.

மண்ணுக்கு அரிவாள் உதவாது. ஆய்வுக்கூடத்தில் டி.டி.பி.ஏ. கரைசலில் குலுக்கி, தளர்வாக ஒட்டியிருக்கும் செம்பு, துத்தநாகம், இரும்பு, மாங்கனீசை மட்டும் கழற்றி அளக்கிறார்கள். 2015இல் வந்த மண்வள அட்டையில் நான்குக்கும் வரி உண்டு. நாமோ தழை, மணி, சாம்பல் வரிகளைப் பார்த்ததும் அட்டையை மடித்துவிடுகிறோம்.

கத்தரி வைக்கலாம், அட்டையைப் பார்த்த பிறகு. அம்மோனியம் சல்பேட்டை ஆண்டுக்கணக்கில் கொட்டிப் புளித்த மண்ணென்றால் செம்பு அவிழும். நாற்றின் வேர் குட்டையாகும், இரும்பு ஏறாமல் இலை வெளுக்கும். உடனே கடைக்கு ஓடி இரும்புச்சத்து வாங்கித் தெளிப்போம். மருந்து தொழுவத்துக் குப்பையின் மக்கில் இருக்கிறது. அந்தக் குப்பையையோ லாரியேற்றி ஏலமலைக்கு விற்கிறோம். விற்பதில் பாதியை நம் காட்டுக்கு நிறுத்தினாலே செம்பு கட்டுக்குள் இருக்கும்.