ஊறுகாய் பாட்டிலுக்கு அளவான பரிசுப் பெட்டி

தீபாவளி, பொங்கல் சமயங்களில் ஊறுகாய், தொக்கு பாட்டில்களைப் பரிசுப் பெட்டியில் வைத்து விற்கும் வணிக அன்பர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அட்டைப் பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போது, நாம் சொல்வது உள்ளளவா, வெளியளவா என்று தெளிவாகச் சொல்வதில்லை.

நாங்களும் ஒருமுறை அப்படித்தான் 200 பெட்டிகள் வாங்கி, பாட்டில் நுழையாமல் அத்தனையையும் பழைய பேப்பர் கடைக்குப் போட்டோம்.

கணக்கு இதுதான். பாட்டிலை மூடியோடு, மிக அகன்ற இடத்தில் அளக்க வேண்டும். 8 செ.மீ. அகலமுள்ள 3 பாட்டில்களுக்கு 24 செ.மீ.; நடுவே 3 மி.மீ. கனமுள்ள தடுப்பு அட்டை இரண்டுக்கு 6 மி.மீ.; எடுத்து வைக்க இடம் 6 மி.மீ. ஆக, உள்ளளவு 25.2 செ.மீ. இதையே வெளியளவாகக் கொண்டு பெட்டி செய்தால், இரு பக்க அட்டையின் கனம் அந்தக் கடைசி 6 மி.மீட்டரை விழுங்கிவிடும். அதற்கு அஞ்சி மிகவும் பெரிதாக்கினாலோ, பாட்டில் ஆடி, மூடி தளர்ந்து, எண்ணெய் கசியும்.

ஆகவே, சரக்கு நிரப்பிய பாட்டில்களையே பெட்டி செய்பவரிடம் எடுத்துச் செல்லுங்கள். மாதிரிப் பெட்டி ஒன்றில் அடுக்கிக் குலுக்கிப் பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள். பாட்டில் மாறினால் மறுபடியும் அளந்துகொள்ளுங்கள். பண்டிகை நெருங்கிவிட்டால் திருத்த நேரம் இராது.