பிரியாணியும் தோலும் வளர்த்த ஊர்!
ஆம்பூர்த் தெருக்களில் ஒரு சுற்று

சென்னையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் 'ஆம்பூர் பிரியாணி' என்ற பலகை கண்ணில் படுகிறது. பெங்களூரிலும் அப்படித்தான். அந்தக் கடைகளில் வயிறாரச் சாப்பிட்டவர்கள் ஏராளம். ஆனால் அவர்களில் பலர் ஆம்பூரைப் பார்த்ததே இல்லை!

ஆம்பூர் எங்கே இருக்கிறது? அங்கே என்ன தொழில் நடக்கிறது? அந்த ஊர்ப் பிரியாணிக்கு மட்டும் ஏன் இத்தனை பெயர்? வாருங்கள், ஒரு சுற்று போய் வருவோம்.

பாலாற்றங்கரை ஊர்

வேலூரிலிருந்து பெங்களூர்ச் சாலையில் சுமார் 50 கிலோ மீட்டர் போனால் ஆம்பூர் வந்துவிடும். ஒரு பக்கம் மலை. இன்னொரு பக்கம் பாலாறு. முன்பு இது வேலூர் மாவட்டத்தில் இருந்தது. 2019-ம் ஆண்டு திருப்பத்தூர் மாவட்டம் பிறந்தபோது அதில் சேர்ந்தது.

சாலையோடு மேலும் சற்றுத் தூரம் போனால் வாணியம்பாடி. வடக்கே பேரணாம்பட்டு. வேலூருக்கு அந்தப் பக்கம் மேல்விஷாரம், ராணிப்பேட்டை. இவை எல்லாமே தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள்.

கடைவீதிக்குள் நுழைந்தால் தமிழோடு உருதும் காதில் விழும். கடைக்காரர் தம் மகனிடம் உருதுவில் ஏதோ சொல்வார். மறு நிமிடம் நம்மைப் பார்த்து, "வாங்கண்ணே, என்ன வேணும்?" என்று தமிழில் கேட்பார். நாமும் அவரை "பாய்" என்று அழைத்துப் பேச்சைத் தொடங்குவோம். இங்கே பல முஸ்லிம் குடும்பங்களில் வீட்டில் உருது, வெளியில் தமிழ். இரண்டும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு!

போர்க்களமாக இருந்த ஊர்

இன்று பிரியாணி மணக்கும் ஆம்பூரில் ஒரு காலத்தில் பீரங்கிப் புகை சூழ்ந்தது. 1749-ம் ஆண்டு ஆகஸ்டு 3-ந் தேதி இங்கே பெரிய போர் நடந்தது. ஒரு பக்கம் ஆற்காட்டு நவாபு அன்வருத்தீன் கான். எதிர்ப்பக்கம் சந்தா சாகிபும் முசாபர் ஜங்கும். அவர்களுக்குத் துணையாகப் பிரெஞ்சுப் படை.

போரில் நவாபு கொல்லப்பட்டார். அவருடைய மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார். அவருக்கு ஆங்கிலேயர் கை கொடுத்தனர். தென்னாட்டில் ஆங்கிலேயர் கால் ஊன்றிய கதையில் ஆம்பூர்ப் போர் ஒரு முக்கியமான கட்டம்.

நவாபு அரண்மனைச் சமையல்காரர்களின் கைப்பக்குவம்தான் வழிவழியாக வந்து ஆம்பூர் பிரியாணி ஆயிற்று என்று ஊரார் சொல்வார்கள்.

தேக்சா திறக்கும் நேரம்

சரி, அந்தப் பிரியாணியை எப்படிச் செய்கிறார்கள்?

அரிசி, சீரகச் சம்பா. சின்னஞ்சிறிய அரிசி. மசாலாவை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் குழையாது. காரத்துக்கு வரமிளகாய். அதை ஊறவைத்து விழுதாக அரைக்கிறார்கள். பிரியாணிக்குச் செந்நிறம் தருவது இந்த விழுதுதான். பட்டை, கிராம்பு, ஏலக்காய், இஞ்சி, பூண்டு, தயிர், தக்காளி, புதினா, கொத்தமல்லி எல்லாம் உண்டு. ஆனால் எதுவும் அளவுக்கு மிஞ்சாது. கறியின் சுவை முன்னால் நிற்கும்.

கறியை மசாலாவில் தனியாக வேக வைக்கிறார்கள். அரிசியைத் தனியாக முக்கால் பதத்தில் வேகவைத்து வடிக்கிறார்கள். பிறகு இரண்டையும் பெரிய தேக்சாவில் ஒன்று சேர்க்கிறார்கள். மூடி போட்டு, மூடியின் மேலே தணலைக் கொட்டுகிறார்கள். கீழேயும் சூடு, மேலேயும் சூடு! இதற்குத்தான் 'தம்' என்று பெயர்.

மூடியைத் திறந்ததும் தெருவே மணக்கும். கறி வேண்டாம், சோறு மட்டும் போதும் என்பவர்களுக்குக் 'குஸ்கா' கிடைக்கும்.

தொட்டுக்கொள்ள வெங்காயத் தயிர்ப் பச்சடி. அதோடு புளியும் எண்ணெயும் சேர்ந்த கத்திரிக்காய்க் கூட்டு. கத்திரிக்காய் இல்லாத பிரியாணி ஆம்பூர்க்காரருக்குத் தாலி இல்லாத கல்யாணம் மாதிரி! வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் பேர்போனது. 2023-ம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

காரம் தின்ற வாய்க்கு இனிப்பு வேண்டாமா? அதற்கு மக்கன் பேடா இருக்கிறது. ஆற்காட்டின் பெயர் சொல்லும் பண்டம் இது. பார்ப்பதற்குக் குலாப் ஜாமூன் போல இருக்கும். கடித்தால் உள்ளே முந்திரி, பாதாம்!

ஓர் ஆடு, இரண்டு தொழில்

பிரியாணிக்கும் தோலுக்கும் என்ன உறவு? யோசித்துப் பாருங்கள். ஆட்டின் கறி தேக்சாவுக்குப் போகிறது. அதன் தோல் மண்டிக்குப் போகிறது. ஒன்றும் வீணாவதில்லை.

அந்தக் காலத்தில் உப்பிட்ட தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடியைக் களைந்து, கொழுப்பைச் சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறப் போடுவார்கள். கடுக்காயும் சேர்ப்பார்கள். இப்படிப் பதனிட்ட தோல் கப்பல் ஏறிச் சீமைக்குப் போயிற்று. அங்கே செருப்பாகவும் பையாகவும் மாறிப் பல மடங்கு விலைக்கு விற்றது.

1970-களில் மத்திய அரசு ஒரு மாற்றம் கொண்டு வந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. பொருளாகச் செய்து அனுப்பும்படி ஊக்கம் தரப்பட்டது. அதன் பிறகு ஆம்பூரில் பூட்ஸ் தொழிற்சாலைகள் பெருகின. சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். இன்று ஐரோப்பாவில் ஒருவர் அணியும் பூட்சின் மேல்தோலை ஆம்பூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் தைத்திருக்கக்கூடும்!

நெடுஞ்சாலை ஓரத்திலும் ஊருக்குள்ளும் பூட்ஸ், செருப்பு, பெல்ட், பர்ஸ் விற்கும் கடைகள் நிறைய. காரில் போகிறவர்கள் நிறுத்தி, சாப்பிட்டுவிட்டு, ஒரு ஜோடி வாங்கிப் போவார்கள்.

தோல் பணம் கட்டிய கல்லூரி

தோலில் சம்பாதித்த பணம் பெட்டியில் மட்டும் உறங்கவில்லை. 1901-ம் ஆண்டு வாணியம்பாடியில் முஸ்லிம் கல்விச் சங்கம் தொடங்கியது. 1919-ம் ஆண்டு அங்கே இஸ்லாமியா கல்லூரி எழுந்தது. வியாபாரிகளின் கொடையால் வளர்ந்த இத்தகைய கல்வி நிலையங்களில் எல்லாச் சாதி, மதப் பிள்ளைகளும் படித்து முன்னேறியிருக்கிறார்கள்.

பக்ரீத்துக் குர்பானித் தோலை மதரசாக்களுக்கும் ஏழைகளுக்கும் தானமாகக் கொடுப்பது வழக்கம். அண்மை ஆண்டுகளில் ஆட்டுத்தோல் விலை வெகுவாகச் சரிந்துவிட்டது. தானத்தின் மதிப்பும் குறைந்துவிட்டது.

கலங்கிய பாலாறு

ஊருக்குச் சோறு போட்ட தொழில் ஆற்றுக்குக் கேடாகவும் முடிந்தது. தோல் கழிவு பாலாற்றில் கலந்தது. கிணறுகள் உவர்த்தன. தோல் ஊர்களைச் சுற்றி சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்கு உதவாமல் போனதாக ஓர் ஆய்வு சொன்னது.

வேலூர் மக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. "கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற நெறியைக் கோர்ட்டு உறுதி செய்தது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலையும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், கழிவைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்தியா முழுவதும் சட்டம் படிப்பவர்கள் இன்று படிக்கும் வழக்கு இது. ஆனாலும் நோய் தீரவில்லை. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் பாலாற்றுக்காகத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

நின்றுபோன விருந்து

2022 மே மாதம் ஆம்பூரில் மூன்று நாள் பிரியாணித் திருவிழா நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்தது. பலவகைப் பிரியாணிக்கு இடம் உண்டு என்றார்கள். மாட்டுக்கறிப் பிரியாணிக்கு மட்டும் இடம் இல்லை. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையமும் விளக்கம் கேட்டது. கடைசியில் மழையைக் காரணம் காட்டித் திருவிழாவைத் தள்ளி வைத்தார்கள்.

இந்த ஊரில் ஆட்டுக்கறிப் பிரியாணிக்கும் கூட்டம் உண்டு. விலை குறைந்த மாட்டுக்கறிப் பிரியாணிக்கும் கூட்டம் உண்டு. தோலைச் சுமந்து, ஊறப்போட்டு, சீவி, தைத்துக் கொடுத்த ஏழைத் தொழிலாளிக்கு அது அன்றாடச் சாப்பாடு. ஊரின் பெருமையைக் கொண்டாடும்போது அவர்கள் தட்டை ஒதுக்கி வைக்கலாமா? கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

நீங்களும் போகலாம்

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் வழியில்தான் ஆம்பூர். பஸ்சும் உண்டு, ரெயிலும் உண்டு. மத்தியானம் போய்ச் சேருங்கள். சாயங்காலம் போனால் சில கடைகளில் தேக்சா காலியாகி இருக்கும்!

சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடந்து பாருங்கள். செருப்புக் கடை, பள்ளிவாசல், உருதுப் பலகை, வேலை முடிந்து கும்பலாக பஸ் ஏறும் பெண்கள், தண்ணீர் வற்றிய பாலாறு, எல்லாவற்றையும் பாருங்கள். சென்னைக் கடைப் பலகையில் நீங்கள் படித்த 'ஆம்பூர்' இதுதான்.