ரைஸ் குக்கரா, இண்டக்ஷனா? வாங்கும் முன் வீட்டு பிளக்கைப் பாருங்க!



நம்ம பள்ளியில் படிக்கிற நிறைய பேர் வீட்டுல அம்மாவோ அக்காவோ ஷூ கம்பெனிக்குப் போறாங்க. விடியறதுக்குள்ள சோறு, குழம்பு, டிபன் பாக்ஸ் எல்லாம் முடிச்சாத்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். அதனால போனஸ் வந்ததும் "மேடை மேல வைக்க ஒரு கரண்ட் அடுப்பு வாங்கலாமா?" என்ற பேச்சு வந்துடும். கடையில் கேட்டால் எல்லாமே நல்லதுன்னுதான் சொல்வாங்க. நம்ம இயற்பியல் பாடத்தைக் கேட்டுப் பார்ப்போமா?

முதலில் இண்டக்ஷன் அடுப்பு. அதன் கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் இருக்கு. அதில் ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். ஆக, சூடாவது அடுப்பு இல்லை, பாத்திரமேதான்! 2000 வாட்டில் வைத்தால் 1 லிட்டர் தண்ணி சுமார் 3 நிமிஷத்தில் கொதிச்சிடும். வேகத்தில் இதை எதுவும் அடிச்சுக்க முடியாது.

ஆனா நம்ம வீட்டுப் பாத்திரங்களை அது ஏத்துக்குமா? அலுமினியக் குண்டான், இண்டாலியம் வாணலி, பித்தளை, செம்பு, மண்சட்டி எதுவும் சாதாரண இண்டக்ஷனில் வேலை செய்யாது. எவர்சில்வரிலும் சிலதுதான் சரிப்படும். ஒரு சின்னக் காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்க. நல்லா ஒட்டினால் சரி, விழுந்துட்டால் வேற பாத்திரம் வாங்கணும். அடுப்பு விலையோடு அந்தச் செலவையும் சேர்த்துக்குங்க. (ஆம்பூர் பிரியாணியை இதில் செய்ய ஆசைப்பட வேண்டாம்! அந்தப் பெரிய தேக்சாவுக்கு அடியிலும் தணல் வேணும், மூடி மேலயும் தணல் வேணும்.)

அடுத்தது பிளக். இதுதான் ரொம்ப முக்கியம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 8.7 ஆம்பியர். ஹாலில் டிவிக்கும் செல்போன் சார்ஜருக்கும் இருக்கிற சின்ன பிளக் 6 ஆம்பியர்தான் தாங்கும். அதில் எக்ஸ்டென்ஷன் போட்டு இண்டக்ஷனை ஓட்டினால் ஒயர் சூடாகும், பிளக் உருகும், தீயே பிடிக்கலாம். அம்மா வேலைக்குப் போன பிறகு பிள்ளைகள் மட்டும் இருக்கிற வீட்டில் இது விளையாட்டு இல்லை. 16 ஆம்பியர் பெரிய பிளக்கும் எர்த் கம்பியும் இருக்கான்னு எலக்ட்ரீஷியனிடம் கேட்காமல் வாங்கவே கூடாது.

இப்போ ரைஸ் குக்கர். 700 வாட் குக்கர் என்றால் சுமார் 3 ஆம்பியர்தான் இழுக்கும், சின்ன பிளக்கே தாங்கும். ஜப்பானில் தோஷிபா கம்பெனி 1955-இல் தானே அணையும் குக்கரை விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி. ஆனா திரும்பத் திரும்பச் சோறு பொங்கிச் சோதித்துப் பார்த்தவர் அவர் மனைவி ஃபுமிகோ. (பெயர் மட்டும் கம்பெனிக்கு!)

சோறு வெந்தது அதுக்கு எப்படித் தெரியுது? தண்ணி இருக்கும் வரை பாத்திரத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணி வற்றியதும் சூடு ஏறும். இன்று நாம வாங்கும் சாதாரண குக்கர்களின் அடியில் ஒரு சின்னக் காந்தம் இருக்கு. 100-ஐத் தாண்டிச் சில டிகிரி ஏறியதும் அதன் பிடி விட்டுப் போய், சுவிட்ச் 'டக்'னு மேலே வந்துடும். யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம். அம்மா அந்த நேரத்தில் தலை வாரிக்கலாம், இல்லன்னா இன்னும் அரை மணி தூங்கலாம்.

செலவு? 700 வாட்டில் அரை மணி ஓடினால் 0.35 யூனிட். தினம் ஒரு வேளை என்றால் 2 மாசத்துக்கு 21 யூனிட். 2016-இல் அரசு வீடுகளுக்கு 2 மாசத்துக்கு 100 யூனிட் இலவசம்னு அறிவித்தது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் இது.

குறையும் இருக்கு. கஞ்சி வடிச்ச சோறுதான் வேணும்னு தாத்தா பாட்டி அடம் பிடிப்பாங்க. குழம்பு, தாளிப்பு, தோசைக்கு எப்படியும் கேஸ் வேணும். 2012-இல் தமிழ்நாட்டில் பல மணி நேர மின்வெட்டு இருந்ததைப் பெரியவங்களைக் கேளுங்க. அப்போ கரண்ட் அடுப்பு எல்லாம் சும்மாதான் கிடந்தது. அதனால கேஸை ஒதுக்கச் சொல்லலை.

மைக்ரோவேவ் பற்றி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. எவர்சில்வர் பாத்திரத்தை உள்ளே வைக்கவே கூடாது, அப்புறம் நம்ம வீட்டில் எதை வைக்கிறது?

என் கணக்குப்படி விடியற்காலை அவசரம் உள்ள வீட்டுக்கு முதலில் ரைஸ் குக்கர். பெரிய பிளக்கும் பொருத்தமான பாத்திரமும் இருந்தால் அதுக்கப்புறம் இண்டக்ஷன்.

ஒரு விஷயம். குக்கரின் உள் பாத்திரத்தை வைக்கும் முன் அடியைத் துணியால் நல்லாத் துடைங்க. ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் அடி சரியாப் படியாது. சூடு சரியாத் தெரியாமல் சோறு அடிபிடிக்கும், இல்லன்னா அரைவேக்காடா நிற்கும்.

- 12-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு, விரிஞ்சிபுரம்