நிலக்கரிப் பகுப்பாய்வில் ‘பிரித்தெடுத்தல்’: ஒரு சொல், இரு வினைகள்

அறிவியல் நூல்களைத் தமிழாக்குவோர் ‘பிரித்தெடுத்தல்’ என்னும் சொல்லை மிகுதியும் ஆள்கின்றனர். வெவ்வேறான இரு செயல்களுக்கு அவ்வொரு சொல்லே நிற்கும்போது பொருள்மயக்கம் தோன்றுகிறது. நிலக்கரியிலுள்ள ஹைட்ரோகார்பன்களை ஆராயும் முறை இதற்குத் தக்க சான்றாகும்.

நிலக்கரியின் பெரும்பகுதி, கரைப்பான்களில் கரையாத, பின்னிப் பிணைந்த பெருமூலக்கூறு அமைப்பாகும். அதனிடையே சிக்கியுள்ள சிறு மூலக்கூறுகளே இவ்வாய்வுக்கு உரியவை. நிலக்கரியைப் பொடியாக்கிச் சாக்ஸ்லெட் கருவியில் இட்டு, டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பானை ஆவியாக்கிக் குளிர்வித்து, மீண்டும் மீண்டும் அப்பொடியின்மீது விழச் செய்வர். கரைவன கரைப்பானோடு இறங்கும், கரையாதன தங்கிவிடும். இது முதற்செயல். இதில் கிடைப்பது கலவைச் சாறு. தனிச் சேர்மம் அன்று.

அச்சாற்றைச் சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயின் தலைப்பில் இட்டு, முதலில் ஹெக்சேனையும் பின்னர் முனைவுத்தன்மை மிகுந்த கரைப்பான்களையும் செலுத்துவர். நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்கள் முந்தி வெளிவரும். சிலிக்காவால் சற்றே பற்றப்படும் அரோமேட்டிக் ஹைட்ரோகார்பன்கள் பிந்தி வரும். இவ்விரு பகுதிகளும் வாயு வண்ணப்பிரிகைக் கருவியில் மேலும் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரியும்; அவற்றை நிறை நிறமாலைமானி இனங்காட்டும். இது இரண்டாம் செயல்.

முன்னதில் திண்மத்தினின்றும் ஒரு கலவை வெளிக்கொணரப்படுகிறது. பின்னதில் கலந்திருந்தவை வேறாகின்றன. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்டினால், ‘பிரித்தெடுக்கப்பட்ட பொருளின் எடை’ என்னும் தொடர் எதன் எடையைக் குறிக்கிறது என்பது விளங்காது. முதற்சாற்றில் ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் கொண்ட சேர்மங்களும் அடங்கும். ஆதலின், அதன் எடையை ஹைட்ரோகார்பன்களின் எடையாகக் கொள்பவர் அளவிலேயே பிழைபடுவர்.

முன்னதைச் ‘சாறு இறக்கல்’ என்றும் பின்னதைப் ‘பிரிகை’ என்றும் வழங்குவது தகும். ‘சாறு இறங்குதல்’ மக்கள் வழக்கிலும் உள்ளதாகலின் விளக்கம் வேண்டாதது.

‘வண்ணப்பிரிகை’ என்பதிலுள்ள ‘வண்ணம்’ குறித்தும் ஐயம் எழலாம். நிலக்கரியின் நிறைவுற்ற ஹைட்ரோகார்பன்களுக்கு நிறம் இல்லை. தாவர நிறமிகளைப் பிரித்த உருசியத் தாவரவியலார் மிகைல் ஸ்வெட் 1906இல் வெளியிட்ட கட்டுரைகளில் இம்முறைக்கு இட்ட பெயரின் தமிழாக்கமே அது. ‘நிறப்பிரிகை’ என மாற்றினால், இயற்பியலில் ஒளி நிறங்களாகப் பிரிதலைக் குறிக்கும் சொல்லோடு மயங்கும். எனவே நிலைபெற்ற பெயரை அவ்வாறே விடலாம். வினைச்சொற்களை மயங்கவிடுதல் ஆகாது.