பாய்மரப் படகில் பெட்ரோல் சேமிப்பு

பாய்மரப் படகு காற்றால் ஓடுவது. ஆயினும் காற்று ஓய்ந்தபோதும் துறைக்குள் நுழையும்போதும் உதவுவதற்காக, பின்புறத்தில் அவுட்போர்டு எஞ்சின் ஒன்றை மாட்டுவது வழக்கம். தமிழகக் கடற்கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின. பாய் பின்தங்கி எஞ்சின் முன்னுக்கு வந்தது. அதற்கான பெட்ரோலைப் படகில் எங்கே, எப்படி வைப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெட்ரோலில் எரிவது திரவமன்று, அதன் ஆவி. சுழியத்துக்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் குளிரிலும், தீப்பொறி பட்டால் பற்றும் அளவுக்கு அது ஆவி விடும். அந்த ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனமானது. காற்றில் ஏறத்தாழ 1.4 விழுக்காடு கலந்தாலே தீப்பிடிக்கும்.

இரு சக்கர வாகனங்கள் தயாராகும் ஓசூரில் வளரும் மாணவருக்குப் பெட்ரோல் புதிதன்று. வண்டியின் குழாய் கசிந்தால் தரையில் சொட்டும். ஆவி திறந்த வெளியில் கலைந்துவிடும். படகு அப்படியன்று. நீரை உள்ளே விடாத கிண்ணம், ஆவியை வெளியேயும் விடாது. கசிந்த ஆவி நீர்போல் அடிப்பகுதியில் இறங்கித் தேங்கும். பிறகு அடிநீர் இறைக்கும் பம்பின் சுவிட்சோ, சமையல் அடுப்போ போதும்.

ஆகவே பெட்ரோல் கேனை அறைக்குள் வைக்கவே கூடாது. மேல்தளத்தில் நிழலான இடத்தில் கட்டி வைக்கலாம். இல்லையெனில் தனிப் பெட்டி வேண்டும். அது மேல்புறம் மட்டும் திறக்க வேண்டும். அறையோடு எவ்விதத் தொடர்பும் இருக்கக் கூடாது. அதன் அடியிலுள்ள துளை, நீர்மட்டத்துக்கு மேலே படகின் வெளிப்புறம் திறக்க வேண்டும். மின்கலம் அருகில் இருக்கக் கூடாது.

எஞ்சினுக்கும் இதே விதிதான். 'காலி' என்று நினைக்கும் எஞ்சினின் கார்புரேட்டரில் பெட்ரோல் மிஞ்சியிருக்கும். எரிபொருள் குழாயைக் கழற்றியபின், எஞ்சின் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். தொட்டி உடன் சேர்ந்த சிறு எஞ்சின்களில் எரிபொருள் அடைப்பானையும், மூடியிலுள்ள காற்றுத் திருகையும் மூட வேண்டும். பின்புறக் கம்பியில் பலகை பொருத்தி நிமிர்த்தி மாட்டுவதே சிறந்தது. படுக்க வைக்க நேர்ந்தால் முதலில் குளிர்விக்கும் நீரை வடியவிட வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினை, தயாரிப்பாளர் குறித்த பக்கமாக மட்டுமே கிடத்தலாம். மாறினால் எண்ணெய் சிலிண்டருக்குள் புகும்.

கேனை விளிம்புவரை நிரப்பக் கூடாது. ஓசூரின் விடியற்காலைக் குளிரில் நிரப்பிய 20 லிட்டர், வெயிலில் 20 பாகை சூடேறினால் ஏறத்தாழ 400 மில்லி லிட்டர் விரியும். எடுத்துச் செல்லக்கூடிய தொட்டியைப் படகிலேயே வைத்து நிரப்புவதும் தவறு. கரையில் இறக்கி, தரையில் வைத்து, குழாய்முனை தொட்டியைத் தொட்டிருக்கும்படி நிரப்பினால் நிலைமின்சாரப் பொறிக்கு இடமிராது.

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர்வரை வைத்திருக்கலாம்; உலோகக் கலம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மிகாமல், இறுக மூடியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கிச் செல்லும் நம் பழக்கம் தரையிலேயே ஆபத்தானது.

மீனவர் பலர் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுகின்றனர். மண்ணெண்ணெய் 35 பாகைக்கு மேல்தான் பற்றும் அளவுக்கு ஆவி விடும். அதில் சிறிது பெட்ரோல் கலந்துவிட்டாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இரண்டு கேன்களும் வெவ்வேறு நிறத்தில் இருப்பது நல்லது.

இன்று விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடுவரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும். கடற்காற்றில் மாதக்கணக்கில் கிடந்தால் நீர் பிரிந்து அடியில் தங்கி எஞ்சினை நிறுத்தும். தேவையான அளவே வாங்க வேண்டும்.

படகினுள் பெட்ரோல் வாடை வந்தால் எந்தச் சுவிட்சையும், அணைப்பதற்காகக்கூட, தொடக் கூடாது. அடுப்பில் நெருப்பு இருந்தால் உடனே அணைக்க வேண்டும். ஆட்களை வெளியேற்றி, எல்லாத் திறப்புகளையும் திறந்து, அடியில் தேங்கிய கனமான ஆவியை வெறும் வாளியால் நீர் இறைப்பதுபோல் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். வாடை நீங்கியபின் கசிவைத் தேடலாம். தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் நீரின்மேல் மிதந்து பரவும். உலர்தூள் அல்லது நுரை தீயணைப்பானே பயன்படும். அதை எரிபொருள் பெட்டியின் அருகே மாட்டாமல், அறைவாயிலில் கைக்கெட்டும்படி மாட்ட வேண்டும்.