சம்பளம் எவ்வளவு? வீட்டுக்குத் தெரியாத கணக்கு!

மாதத்தின் முதல் வாரம். மாலை ஏழு மணி. தாராவி 90 அடி சாலையில் ஒரு டீக்கடை ஓரமாக நின்று செல்போனில் ஒரு தட்டு தட்டுகிறார் ஒருவர். அடுத்த நிமிடமே திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருடைய தகப்பனார் கணக்கில் ஆறாயிரம் ரூபாய் ஏறிவிட்டது. முகத்தில் ஒரு நிம்மதி! அந்த நிம்மதி பத்து நாள் தாங்கும். பதினோராம் நாள் கைமாற்று கேட்கும் படலம் தொடங்கும்.

இவர் தனி ஒரு மனிதர் அல்ல. தாராவியிலும், ஆன்டாப் ஹில்லிலும், சயான் கோலிவாடாவிலும் இவரைப் போலப் பலர் உண்டு. மஸ்ஜித் பந்தரில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் குமாஸ்தா என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 28 ஆயிரம். ஆனால் இவருக்கு மூன்று சம்பளம் உண்டு!

ஊரில் நினைத்துக்கொண்டிருப்பது 40 ஆயிரம். பெண் பார்க்கப் போனபோது தகப்பனார் பெருமையாகச் சொன்ன தொகை அது. மனைவிக்குத் தெரிந்தது 25 ஆயிரம். உண்மையான சம்பளம் இவருக்கும், அலுவலகக் கணக்கப்பிள்ளைக்கும் மட்டுமே தெரியும்.

மனைவிக்குத் தெரிந்த 25 ஆயிரத்தின் கணக்கு நேரானது. ரூம் வாடகை 8 ஆயிரம். ஊருக்கு 6 ஆயிரம். அரிசி, பால், காஸ் என்று 7 ஆயிரம். சீட்டு 2 ஆயிரம். பிள்ளையின் பள்ளிக்கூடம், ரயில் பாஸ் எல்லாம் சேர்த்து 2 ஆயிரம். முடிந்தது.

மீதி 3 ஆயிரம் எங்கே போகிறது?

அசையாத அசல்

தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன் 60 ஆயிரம். நூற்றுக்கு ஐந்து வட்டி. மாதம் 3 ஆயிரம். இது வட்டி மட்டும்தான்! அசலில் ஒரு ரூபாய் குறைவதில்லை. 20 மாதம் கட்டினால் வாங்கிய தொகை அவ்வளவும் வட்டியாகவே போய்விடும். அதன் பிறகும் 60 ஆயிரம் கடன் அப்படியே நிற்கும்.

இதற்கு வழி இல்லையா? வழி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மனைவி கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலி. இன்றைய தங்க விலையில் அதை வைத்து வங்கியில் 60 ஆயிரம் தாராளமாகக் கடன் வாங்கலாம். ஆண்டு வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதம் 500 ரூபாய். மிச்சப்படும் 2,500 ரூபாயை மாதாமாதம் அசலில் கட்டிவந்தால் இரண்டரை வருடத்துக்குள் சங்கிலி திரும்பக் கழுத்துக்கு வந்துவிடும்.

கணக்குத் தெரியாதவரா இவர்? அலுவலகத்தில் லட்சக்கணக்கில் பில் எழுதுகிறவர்! சங்கிலியைக் கேட்டால் கடனைச் சொல்ல வேண்டும். கடனைச் சொன்னால் சம்பளத்தைச் சொல்ல வேண்டும். "அப்போ இத்தனை நாளா என்கிட்ட மறைச்சீங்களா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்து மாதம் 2,500 ரூபாய் தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறார். வட்டிக்காரர் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

கட்டைவிரல் ரேகை

பம்பாய் என்று பெயர் இருந்த காலத்தில் மணியார்டர்தான் எல்லாம். பாரத்தின் அடியில் ஒரு சிறு துண்டு. அதில் நாலு வரி எழுதலாம். "இந்த மாதம் காய்ச்சல். அதனால் பணம் குறைவு. அடுத்த மாதம் சேர்த்து அனுப்புகிறேன்" என்று எழுதுவார்கள். தபால்காரர் அதைத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது சில நாட்கள் கழித்து பம்பாய்க்கு வந்து சேரும். அதில் தாயாரின் கட்டைவிரல் ரேகை இருக்கும். அந்தத் துண்டுக் காகிதத்தைத் தகரப் பெட்டியில் சேர்த்து வைத்தவர்கள் அநேகம்.

இன்று பணம் ஒரு நொடியில் போகிறது. நாலு வரி போவதில்லை. ஆறாயிரம் ஐயாயிரமாகக் குறைந்தால் ஏன் என்று சொல்ல இடமில்லை. "மருமகள் சொல்லைக் கேட்டு ஆடுகிறான்" என்று ஊரில் முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சியே கடன் வாங்கியாவது தொகையைக் குறைக்காமல் அனுப்புகிறார்கள்.

அதிலும் ஊரில் கொடை விழா வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இருந்து இறங்கும்போதே அவர் "பம்பாய்க்காரர்". ஊர் வரி போக நன்கொடை வேறு. சித்திக்கு ஒரு சேலை, மாமாவுக்கு ஒரு வேட்டி, தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய். ஒரு வார கௌரவத்துக்கு ஆறு மாதக் கைமாற்று.

சீட்டும் சிறுவாடும்

"சீட்டுப் போடாதே, வங்கியில் போடு" என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். சொல்வது எளிது. 20 பேர், 20 மாதம், ஆளுக்கு 2 ஆயிரம். மொத்தம் 40 ஆயிரம். மூன்றாவது மாதமே அவசரம் என்று 10 ஆயிரம் தள்ளி எடுத்தால் கையில் வருவது 30 ஆயிரம். நஷ்டம்தான். ஆனாலும் ஏன் எடுக்கிறார்கள்? சீட்டு எடுப்பதில் தலைகுனிவு இல்லை. அது கடன் கேட்பது ஆகாது, தன் முறையைக் கேட்பது! மாதாமாதம் வாசலில் வந்து நின்று வாங்கிப் போகிறவர் இருப்பதால்தான் பணமும் சேர்கிறது.

சீட்டில் உள்ள ஆபத்து வேறு. முன் அனுமதி வாங்கிப் பதிவு செய்துதான் நடத்த வேண்டும் என்கிறது 1982-ம் வருடச் சீட்டு நிதிச் சட்டம். சந்துக்குள் நோட்டுப் புத்தகத்தில் நடக்கும் சீட்டில் நடத்துகிறவர் ஒரு நாள் பூட்டிக்கொண்டு போய்விட்டால், எந்தக் காகிதத்தைக் காட்டிப் புகார் கொடுப்பது?

பெண்கள் கணக்கு தனி. காய்கறியில் பத்து, பாலில் ஐந்து என்று மிச்சம் பிடித்து அரிசிப் பானைக்குள் முடிந்து வைக்கும் சிறுவாடு. கணவன் கடனை மறைக்கிறான், மனைவி சேமிப்பை மறைக்கிறாள். ஒரே பத்தடி அறைக்குள்!

2020 மார்ச் 25-ந் தேதி ஊரடங்கு வந்தபோது பல வீடுகளில் இந்த இரண்டும் ஒரே வாரத்தில் வெளியே வந்தன. வேலை நின்றது, சம்பளம் நின்றது, வட்டிக்காரர் நிற்கவில்லை. அப்போது உலை கொதித்தது சிறுவாட்டில்தான்.

யார் பெயர்?

இன்னொன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன், வைப்புநிதி பாரத்தில் தகப்பனார் பெயரை வாரிசாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். கல்யாணம் ஆனதும் அது செல்லாது. புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் கொடுத்திருக்கிறார்கள்? வங்கிக் கணக்கும், இன்சூரன்சும் இப்படித்தான். மாற்றப்போனால் அப்பா மனம் வருந்துமோ என்ற தயக்கம் ஒரு பக்கம். சாவைப் பற்றி ஏன் பேச்சு என்ற பயம் இன்னொரு பக்கம். ஏதாவது நேர்ந்துவிட்டால் கைக்குழந்தையோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கப்போவது யார்?

நம் குமாஸ்தாவின் வீட்டில் பேச்சு தானாகத் தொடங்கவில்லை. பிள்ளைக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். சீட்டு ஏற்கனவே எடுத்தாகிவிட்டது. வட்டிக்காரரிடம் மீண்டும் போக வழியில்லை. வராந்தாவில் நின்றபடி மூன்று சம்பளத்தையும் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

அவள் அழவில்லை. கோபம் இருந்தது, இரண்டு நாள் பேசவில்லை. அரிசிப் பானைக்குள் இருந்து 11,400 ரூபாய் வந்தது. மூன்றாம் நாள் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். "வங்கிக்கு நானும் வர்றேன்" என்றாள்.

அன்று இரவு ஊருக்குப் போன் போட்டார். "அப்பா, இந்த மாசம் நாலாயிரம்தான் அனுப்ப முடியும். எனக்குச் சம்பளம் 28 ஆயிரந்தான்ப்பா."

அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு தகப்பனார் கேட்டார்:

"அது கெடக்கட்டும்லே. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டா?"