கோட்டுகாலில் காருக்கு ஹீட்டர் எதற்கு?

கடற்காற்று வீசும் கோட்டுகாலில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் காரின் ஹீட்டரைக் கழற்றிச் சரிசெய்தால், பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். “சாரே, இதில் மீன் உணக்கப் போறீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அவர் கட்சிதான்.

என்னுடையது 1998-ஆம் வருடத்து மாருதி 800, ஏ.சி. கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் முன்சீட்டுக் கால்மிதி அடிக்கடி ஈரமாகி, வண்டிக்குள் ஒரு இனிப்பு வாசனை அடித்தது. ஹீட்டரிலிருந்து கூலண்ட் கசிகிறது என்று பொருள். ஒரு மெக்கானிக் ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்து, “இந்த ஊரில் இது வேண்டாம்” என்றார். நானும் தலையாட்டினேன்.

சென்ற ஆண்டு ஆனி மாதம் பேத்தியுடன் பொன்முடிக்குப் போனோம். மொத்தம் 22 கொண்டை ஊசி வளைவுகள். நல்ல மழை, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே நாலு பேர். முன்கண்ணாடி உட்புறம் வெளுத்துவிட்டது. துண்டால் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. “தாத்தா, ரோடு தெரியுதா?” என்று குழந்தை கேட்கவும், வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது. மலைப்பக்கம் ஒடித்து நிறுத்தினேன். மழை விட்ட பிறகும் கை நடுக்கம் விடவில்லை.

நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும், கண்ணாடியையும் சூடாக்கும். எஞ்சினைச் சுற்றி வரும் எண்பது, தொண்ணூறு டிகிரி நீரில் ஒரு பங்கு, டாஷ்போர்டின் பின்னுள்ள சிறு ரேடியேட்டர் வழியே ஓட, புளோயர் அந்தச் சூட்டைக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. ஹீட்டர் என்பது இவ்வளவுதான். மலை ஏற்றத்தில் எஞ்சின் சூடேறினால் இதை முழுதும் திறந்துவிடலாம். நமக்கு வியர்க்கும், எஞ்சினுக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும்.

ஊர் திரும்பியதும் யூனிட்டை இறக்கினேன். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே ஹோஸைத் தொடவேண்டும். புளோயரில் எலி கொண்டுவந்த தென்னை நார். மின் இணைப்புகளில் உப்புக் காற்றின் பச்சைக் களிம்பு. இரண்டையும் சுத்தம் செய்தேன். மோட்டாரில் தேய்ந்துபோன கார்பன் பிரஷ்களை மாற்றினேன். காற்று வழிக் கதவுகளின் பொடிந்த ஸ்பாஞ்சுக்குப் பதில் புதியது ஒட்டினேன். இதை விட்டால் சூடு கண்ணாடிக்குப் போகாமல் காலுக்கே போகும்.

சிறு ரேடியேட்டருக்குள் காவி நிறச் சேறு. குற்றவாளி நானேதான்! டீசல் எஞ்சினின் குளிர்நீரில் துரு தடுக்கும் மருந்து சேர்ந்திருக்கிறதா என்று ஆயுள் முழுதும் ரயில்வேயில் பார்த்தவன், சொந்தக் காருக்குக் கிணற்று நீரை ஊற்றியிருக்கிறேன். நீர் வெளியேறும் வாய் வழியே மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசினேன். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியத்தைத் தின்றுவிடும். பிறகு வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் கொஞ்சமாகக் காற்றடித்து வாளி நீரில் அமிழ்த்தினால் ஓட்டை குமிழிகளால் தன்னைக் காட்டிக்கொடுக்கும். பித்தளையானால் ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்து அடைப்பார்கள். எனக்கு வேறு வாங்கவேண்டி வந்தது.

ஹோஸ்களும் கிளிப்புகளும் புதிதாகவே இருக்கட்டும். வாலைவடிநீரில் கூலண்ட் கலந்து, ஹீட்டர் வால்வைத் திறந்து வைத்து நிரப்பி, உள்ளிருக்கும் காற்று வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். பின்பு இரு ஹோஸ்களும் சூடாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் சூடென்றால் அடைப்பு, அல்லது வால்வு திறக்கவில்லை. வடித்த கூலண்டை முற்றத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருப்பதால் குழந்தையோ நாயோ வாய் வைத்துவிடும். அது கொடிய விஷம்.

ஐப்பசி மழையில் மறுபடி பொன்முடி ஏறினோம். கண்ணாடி மங்கத் தொடங்கியதும் ஹீட்டரைத் திறந்தேன். சிறிது நேரத்தில் கீழிருந்து மேலாகத் தெளிந்து வந்தது. “தாத்தா, கால் சுடுது” என்று இந்த முறை பேத்தி முறையிட்டாள்.